சந்தா கட்டிச் சேர்ந்தவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் நாஜி ஜெர்மனி பற்றிய தொடரின் முதல் பகுதியைப் படித்தேன். நடை நன்றாக இருந்தது. ஆனால் ஹிட்லரின் கட்சியில் இருந்தவர்கள் யார் என்று சொல்ல வேண்டிய இடத்தில், கட்டுரையாளர் அவர்களை வேலைவெட்டி இல்லாத, படிப்பறிவற்ற போக்கிரிக் கும்பல் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த வரி எனக்கு ஒப்பவில்லை. கடிதம் கொஞ்சம் நீளும். வெட்டிப் போடுவது உங்கள் உரிமை.

நான் மன்னார்குடிப் பக்கம் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராகச் சேர்ந்து, செயலாளராக ஓய்வு பெற்றவன். கல்லூரியில் வரலாறு படித்தவன் இல்லை. உறுப்பினர் பதிவேடு, பங்குத்தொகை ரசீது, நிலுவைப் பட்டியல், ஜப்தி நோட்டீஸ், இவைதான் எனக்குத் தெரிந்த உலகம். மகன் மியூனிக் நகரத்தில் வேலை பார்க்கிறான். அவனோடு தங்கியிருந்தபோது, அங்கே பிரியன்னர் தெருவில் இருக்கும் நாஜி கால ஆவண மையத்துக்கு அழைத்துப் போனான். கட்சித் தலைமையகமான 'பழுப்பு மாளிகை' நின்ற அதே மனையில் 2015ல் திறந்த கட்டடம் அது. தலைவர்களின் படங்களைப் பார்த்துச் சலித்துவிட்டது. இவ்வளவு பெரிய கட்சிக்கு யார் பதிவேடு எழுதினான், சந்தா யார் கட்டினான் என்றுதான் என் புத்தி போயிற்று. பழக்கதோஷம். அதற்குப் பிறகு தேடித் தேடிப் படித்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

பதிவேட்டின் தொடக்கமே வேடிக்கை. 1919 ஜனவரியில் மியூனிக்கில் இந்தக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர் ரயில்வே பட்டறை ஃபிட்டர் ஆண்டன் டிரெக்ஸ்லர். இன்னொருவர் கார்ல் ஹாரர் என்ற விளையாட்டுச் செய்தியாளர். ஆள் சேர்ந்தது கொஞ்சம். அதனால் உறுப்பினர் எண்ணை 501 என்று ஆரம்பித்தார்கள். ரசீதுப் புத்தகத்தை 1ல் தொடங்கினால் கடைக்குப் புதுசு என்று தெரிந்துவிடும் என்று நம் ஊர் வியாபாரிகள் செய்கிற அதே வேலை. செப்டம்பரில் வந்து சேர்ந்த ஹிட்லரின் எண் 555. பிற்பாடு அவர் தன்னைக் கட்சியின் 7வது ஆள் என்று சொல்லிக்கொண்டது வேறு கதை. செயற்குழுவுக்குத்தான் அவர் 7வதாக வந்தார்.

1923 கலவரத்துக்குப் பின் தடை செய்யப்பட்ட கட்சியை 1925ல் திரும்ப அமைத்தபோது பொருளாளராக வந்தவர் ஃபிரான்ஸ் ஸேவர் ஷ்வார்ஸ். மியூனிக் நகராட்சியில் கணக்கு உத்தியோகத்தில் இருந்தவர். மேடைப் பேச்சாளர் இல்லை. இவர் நடத்திய அட்டைப் பதிவைப் படித்தபோது, சொல்லக் கூடாது, ஒரு எழுத்தனாக எனக்குப் பொறாமையாகவே இருந்தது. ஒவ்வொரு உறுப்பினருக்கும் இரண்டு அட்டை. ஒன்று நாடு முழுவதற்குமாக அகர வரிசையில், இன்னொன்று ஊர்க்கிளை வாரியாக. விலகியவன் எண்ணை வேறொருவனுக்குக் கொடுப்பதில்லை. அதனால்தான் 1932 முடிவில் எண் 14 லட்சத்தைத் தாண்டியிருந்தும், 1933 ஜனவரி 30ல் ஹிட்லர் பதவியேற்ற அன்று கட்சியில் இருந்தவர்கள் சுமார் 8.5 லட்சம் பேர்தான். மற்றவர்கள் சேர்ந்து, விலகி, அல்லது சந்தா பாக்கி விழுந்து போனவர்கள். முதல் 1 லட்சம் எண்களுக்குள் இருந்து இடைவிடாமல் தொடர்ந்தவர்களுக்குத் தங்கப் பதக்கம் என்று ஒன்று வைத்தார்கள். அதைப் பெறத் தகுதியானவர்கள் 22 ஆயிரத்துச் சொச்சம் பேர். அதாவது ஐந்தில் நான்கு பேருக்கு நடுவில் எங்கோ விட்டுப் போயிருக்கிறது. பிறவியிலேயே வெறியர்களாக வந்து உட்கார்ந்த கூட்டம் என்றால் இப்படி வருவதும் போவதுமாக இருக்காது.

சந்தாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கட்சியைப் பெருமுதலாளிகள்தான் பணம் கொட்டி வளர்த்தார்கள் என்று கட்டுரையில் இருக்கிறது. முதலாளிகள் பணம் கொடுத்தது உண்மை. ஆனால் கணக்குப் புத்தகத்தில் தேதி பார்க்க வேண்டும். ஹிட்லரின் சகா கோரிங் தன் மாளிகையில் இருபதுக்கும் மேற்பட்ட தொழிலதிபர்களைக் கூட்டி உட்காரவைத்துத் தேர்தல் நிதி கேட்ட கூட்டம் 1933 பிப்ரவரி 20ல் நடந்தது. அதற்குள் ஹிட்லர் பிரதமராகி மூன்று வாரம் ஆகிவிட்டது. அதுவரை கட்சியின் வண்டி முக்கியமாக ஓடியது உறுப்பினர் சந்தாவிலும், கூட்டங்களுக்கு வாசலில் விற்ற நுழைவுச் சீட்டிலும்தான். ஆமாம், காசு கொடுத்துச் சீட்டு வாங்கித்தான் பேச்சுக் கேட்கப் போனார்கள். பேச்சாளர்களைத் தயார் செய்யக் கட்சி அஞ்சல்வழிப் பள்ளியே நடத்தியது. 1932ன் தொடக்கத்தில் ஜெர்மனியில் 60 லட்சம் பேருக்கு வேலை இல்லை. அந்தக் காலத்தில் மாதாமாதம் தன் பையிலிருந்து எடுத்து ஒரு கட்சிக்குக் கட்டியவனைக் கூலிக்கு வந்த போக்கிரி என்று எப்படி எழுதுவது? நான் வசூலுக்கு அலைந்தவன். காசு கொடுக்கிறவன் மனசு வேறு, வாங்கிக்கொள்கிறவன் மனசு வேறு.

சரி, கட்டியவர்கள் யார்?

முதலில் ஒரு சின்னப் பட்டியல். 1923 நவம்பர் 9ல் மியூனிக்கில் ஆட்சியைப் பிடிக்க நடந்த கலவரத்தில் ஹிட்லர் தரப்பில் செத்ததாக அவரே தன் புத்தகத்தின் முகப்பில் 16 பேரைத் தொழிலோடு அச்சிட்டார். வியாபாரிகள் 4 பேர். வங்கி எழுத்தர்கள் 3 பேர். என்ஜினியர்கள் 2 பேர். தொப்பி செய்கிறவர் ஒருவர், பூட்டு வேலைக்காரர் ஒருவர், ஓட்டல் தலைமைப் பரிமாறுநர் ஒருவர், வீட்டு வேலையாள் ஒருவர், பொறியியல் மாணவர் ஒருவர், ஓய்வுபெற்ற குதிரைப்படை கேப்டன் ஒருவர். இவற்றோடு ஒரு நீதிபதி. துப்பாக்கிச் சூடு நடந்த தெருவில் விழுந்தவர்களில் பவேரிய உயர்மட்ட நீதிமன்றத்து நீதிபதி இருந்திருக்கிறார்! அந்தப் பரிமாறுநர் கட்சிக்காரரே இல்லை, வேடிக்கை பார்க்க நின்றவர் என்றும் சொல்கிறார்கள். போகட்டும். ஒரு கடைத்தெருவில் காலை பத்து மணிக்கு நடந்து போனால் எதிர்ப்படுகிற ஆட்கள்தான் இந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்.

பெரிய பட்டியலும் உண்டு. 1935ல் கட்சியே தன் உறுப்பினர்களைக் கணக்கெடுத்து மூன்று தொகுதிகளாக அச்சிட்டது. அதன்படி 1930 செப்டம்பருக்கு முன்பே சேர்ந்திருந்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் மாதச் சம்பளக்காரர், அதாவது கடை, அலுவலகம், வங்கி, காப்பீட்டு நிறுவனம் போன்ற இடங்களில் உட்கார்ந்து வேலை பார்த்தவர். நாட்டின் உழைக்கும் மக்களில் இந்த வகையினர் சுமார் 12 சதவீதம்தான். சொந்தமாகக் கடை, பட்டறை வைத்திருந்தவர்கள் ஐந்தில் ஒரு பங்கு. நாட்டில் அவர்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும்கூடத் தங்கள் விகிதத்தைவிட அதிகமாக இருந்தார்கள். உடலுழைப்புத் தொழிலாளர்கள் நாட்டில் பாதிக்குச் சற்றுக் குறைவு, கட்சியில் கால்வாசிக்குச் சற்று அதிகம். பெண்கள் மிகச் சொற்பம். பெரும்பாலோருக்கு வயது முப்பதை ஒட்டி, அல்லது அதற்கும் கீழே.

குமாஸ்தா வர்க்கத்தில் கொஞ்சம் நிற்கிறேன், என் வர்க்கம் என்பதால். ஜெர்மனியில் 1911லேயே இவர்களுக்கென்று தனி ஓய்வூதியக் காப்பீட்டுச் சட்டம் வந்துவிட்டது. தொழிலாளி வாரக்கூலி வாங்குவான், இவர் மாதச் சம்பளம் வாங்குவார். வருமானத்தில் சில சமயம் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆனால் நான் தொழிலாளி இல்லை என்பதில் அவருக்கு உயிரே இருந்தது. வணிக எழுத்தர்களுக்கென்று லட்சக்கணக்கான உறுப்பினர்களோடு ஒரு தேசிய சங்கம் இருந்தது. அதில் யூதர்களைச் சேர்க்க மாட்டார்கள், பெண்களையும் சேர்க்க மாட்டார்கள். ஹிட்லர் பெயரை யாரும் கேள்விப்படுவதற்கு வெகுகாலம் முன்பே இருந்த விதி இது. பிறகு 1923ன் பணவீக்கம் வந்தது. அந்த நவம்பரில் 1 டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். ஆயுள் முழுக்கச் சேர்த்த வங்கி இருப்பில் ஒரு ரொட்டி வாங்க முடியாது. அதிலிருந்து எழுந்து நிற்பதற்குள் 1930ல் பிரதமரான புரூனிங் அவசர ஆணைகளைப் போட்டு அரசு ஊழியர் சம்பளத்தைத் திரும்பத் திரும்ப வெட்டினார். இவர்கள் தெருவுக்கு வந்தவர்கள் இல்லை. தெருவுக்கு வந்துவிடுவோமோ என்று இரவெல்லாம் விழித்திருந்தவர்கள்.

நிஜமாகவே தெருவுக்கு வந்தவர்கள் எங்கே போனார்கள் என்பதும் கட்டுரைக்கு நேர்மாறாக இருக்கிறது. மைன்ஸ் பல்கலைக்கழகத்தின் யூர்கன் ஃபால்ட்டர் அந்தக் காலத் தேர்தல் முடிவுகளை ஊர் ஊராக அலசியவர். வேலை இழந்த தொழிலாளிகள் நாஜிகளைவிடக் கம்யூனிஸ்டுகள் பக்கமே அதிகம் சாய்ந்தார்கள் என்பது அவர் கண்டது. அதைவிடப் பெரிய கோடு மதம். கத்தோலிக்கப் பகுதிகளில் கட்சி திணறியது, புராட்டஸ்டன்ட் பகுதிகளில் ஓடியது. 1932 ஜூலைத் தேர்தலில் நாடு முழுக்க 37 சதவீதம் வாங்கிய கட்சிக்கு, கத்தோலிக்கக் கொலோன்-ஆகன் தொகுதியில் 20 சதவீதத்தை ஒட்டித்தான் கிடைத்தது. வடக்கே டென்மார்க் எல்லையை ஒட்டிய ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனில் 51 சதவீதம். நாட்டிலேயே பாதிக்கு மேல் வாங்கிய ஒரே தொகுதி. நான்கு வருடம் முன்பு அதே இடத்தில் அவர்கள் வாங்கியது வெறும் 4 சதவீதம்.

அந்த நான்கு வருடத்தில் அங்கே என்ன நடந்தது என்று கேட்டால், ஜப்தி. மாட்டு விலை, பன்றி விலை சரிந்தது, வட்டியும் வரியும் நின்றபடி நின்றது. 1928 நவம்பரில் பைடன்ஃபிளேத் என்ற கிராமத்தில் வரி பாக்கிக்காகக் காளைகளை ஓட்டிப் போக வந்தார்கள். ஊர்க்காரர்கள் வழியில் வைக்கோலைக் கொளுத்திப் போட்டுத் தடுத்தார்கள். வழக்கு, கைது, ஊர்வலம் என்று மாகாணமே கொதித்தது. அப்போது அவர்கள் நாஜிகள் இல்லை. கறுப்புக்கொடி பிடித்த விவசாய இயக்கம் அது, எந்தக் கட்சியையும் நம்பாத இயக்கம். 1929ல் அதில் ஒரு பிரிவு வரி அலுவலகங்களுக்குக் குண்டு வைக்கப் போய்ச் சிதறியது. அந்தக் கிராமங்களுக்குள் ஊர் ஊராகப் பேச்சாளர்களை அனுப்பி உட்கார்ந்தது நாஜிக் கட்சி. கீல் பல்கலைக்கழகத்தில் இருந்த ருடால்ஃப் ஹெபர்லே என்ற சமூகவியலாளர் இதை அருகிலிருந்து ஆராய்ந்தார். பெரிய பண்ணையாரும் இல்லாத, கூலிக்காரரும் இல்லாத, குடும்பமாக உழைக்கிற நடுத்தர விவசாயிகளின் மணற்பாங்கான பகுதியில்தான் கட்சிக்கு மிகப் பெரிய ஆதரவு. சில கிராமங்களில் விழுந்த வாக்கில் ஏறக்குறைய எல்லாமே அவர்களுக்கு. ஜப்தி நோட்டீஸ் கொண்டுபோன வீடுகளில் எனக்கு என்ன வரவேற்பு கிடைத்தது என்பதை இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் அந்த விவசாயியின் கோபம் எங்கே தொடங்கியது என்பது எனக்குப் புரிகிறது. அது யூதக் கடைக்காரனின் கண்ணாடியை உடைப்பதில் போய் ஏன் முடிந்தது என்பதற்குக் கடன் பாக்கி மட்டும் பதில் ஆகாது. அந்த மாகாணத்தில் யூதர்களே மிகக் குறைவு.

இவ்வளவும் சொன்னதால், இது முழுக்க முழுக்க நடுத்தர வர்க்கக் கட்சி என்று மறுபக்கம் சாய்ந்துவிடவும் கூடாது. வெகுகாலம் புத்தகங்களில் அப்படித்தான் எழுதினார்கள். 1935 கணக்கெடுப்பில் ஒரு ஓட்டை உண்டு. அன்றைக்குக் கட்சியில் மிச்சம் இருந்தவர்களைத்தான் அது எண்ணியது, இடையில் விலகியவர்களை விட்டுவிட்டது. ஃபால்ட்டரும் அவர் கூட்டத்தாரும் பிற்பாடு அசல் அட்டைகளிலிருந்தே பல்லாயிரம் பேரை மாதிரிக்கு எடுத்துப் பார்த்தபோது, 1933க்கு முன் சேர்ந்தவர்களில் தொழிலாளிகள் 40 சதவீதத்தை ஒட்டி இருந்தார்கள். பெரிய ஆலைகளில் சங்கத்தில் இருந்த தொழிலாளிகள் குறைவு. அவர்கள் சமூக ஜனநாயகக் கட்சியோடும் கம்யூனிஸ்டுகளோடும் இருந்தார்கள். இங்கே வந்தவர்கள் சிற்றூர்ப் பட்டறைகளிலும் பண்ணைகளிலும் வேலை செய்தவர்கள், சங்கம் எட்டாத ஆட்கள். ஆக, எல்லா வகுப்பிலிருந்தும் ஆள் இருந்தது. நடுவில் உள்ளவர்கள் கூடுதலாக இருந்தார்கள். எல்லா வகுப்பினரின் கட்சி, அதன் வயிறு மட்டும் நடுத்தர வர்க்கம் என்கிற மாதிரி ஃபால்ட்டரே ஒரு இடத்தில் சொல்லியிருக்கிறார்.

படிப்பறிவற்றவர்கள் என்பதற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். அனைத்து ஜெர்மன் மாணவர் அமைப்பின் தலைமையை நாஜி மாணவர்கள் 1931 ஜூலையிலேயே பிடித்துவிட்டார்கள், கிராட்ஸ் நகரில் நடந்த மாநாட்டில். நாடு விழுவதற்கு ஒன்றரை வருடம் முன்பே பல்கலைக்கழகங்கள் விழுந்துவிட்டன. டாக்டர்களைப் பாருங்கள். அந்த ஆட்சி முடிவதற்குள் ஜெர்மன் மருத்துவர்களில் சுமார் 45 சதவீதம் பேர் கட்சியில் இருந்தார்கள் என்று மைக்கேல் கேட்டர் என்ற வரலாற்றாசிரியர் கணக்கிட்டிருக்கிறார். வேறு எந்தப் படித்த தொழிலிலும் இவ்வளவு இல்லை என்கிறார்கள். இதில் பிழைப்பும் கலந்திருந்தது. 1933 ஏப்ரலில் யூத மருத்துவர்களைக் காப்பீட்டுப் பட்டியலிலிருந்து நீக்க ஆரம்பித்தார்கள். நோயாளி இல்லாமல் காத்துக்கிடந்த இளம் டாக்டர்களுக்கு நாற்காலி காலியாயிற்று.

நீங்கள் கட்டுரையோடு போட்டிருந்த படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழுப்புச் சட்டை போட்டு அணிவகுத்துப் போகிறவர்களைக் காட்டிக் கீழே 'நாஜிக் கட்சி உறுப்பினர்கள்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அது எஸ்.ஏ. என்ற தாக்குதல் படை. கட்டுரையாளர் சொன்ன வேலையில்லாத இளவட்டங்கள் அங்கே நிறைய இருந்தார்கள் என்பது சரிதான். சோறு, தங்க இடம், சட்டை எல்லாம் அங்கே கிடைத்தது. அவர்களில் பலர் கட்சி அட்டையே வாங்காதவர்கள். தெருவில் கண்ணில் பட்டவர்கள் அவர்கள். சந்தாப் புத்தகத்தில் இருந்தவர்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ இருந்தார்கள், கேமரா அங்கே போகவில்லை.

கட்சியில் சேர்ந்தவர்கள் தங்கள் வாயால் சொன்னதும் இருக்கிறது. 1934ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தியடோர் ஏபெல் ஒரு வினோதமான வேலை செய்தார். 1933க்கு முன் சேர்ந்த சாதாரண உறுப்பினர்கள் தங்கள் வாழ்க்கைக் கதையை எழுதி அனுப்பினால் பரிசு என்று, கட்சியின் ஒப்புதலோடு அறிவித்தார். மொத்தப் பரிசுப் பணம் 400 மார்க். 683 பேர் எழுதினார்கள். தொழிலாளி, விவசாயி, பழைய சிப்பாய், வங்கி ஊழியர் என்று எல்லா வகையும் இருந்தது. பெண்களும் எழுதினார்கள், ஆனால் ஏபெல் அவற்றைத் தன் ஆய்வில் சேர்க்காமல் ஒதுக்கிவிட்டார். பிற்பாடு பீட்டர் மெர்க்கல் என்ற அரசியல் அறிஞர், கைக்குக் கிடைத்த 581 கதைகளைத் திரும்ப எண்ணிப் பார்த்தார். மூன்றில் ஒரு பங்குக்காரர்களின் மனதில் முதலில் நின்றது, வர்க்கம் கட்சி எல்லாம் ஒழிந்து ஜெர்மானியர் அனைவரும் ஒரே சமூகமாக வேண்டும் என்ற ஆசை. யூத வெறுப்பை முதல் காரணமாக வைத்தவர்கள் ஏழில் ஒருவர்.

இதைப் படித்துவிட்டு, பாவம், அவர்களில் பலர் வெறுப்பாளர்களே இல்லை என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. அந்த ஒரே சமூகத்தில் யூதனுக்கு இடமில்லை என்பது கட்சி 1920ல் வெளியிட்ட 25 அம்சத் திட்டத்திலேயே அச்சில் இருக்கிறது, யூதன் குடிமகனாக முடியாது என்று. சேர்ந்தவனுக்குத் தெரியாததில்லை. அதைக் குறிப்பிட்டு எழுதவே தோன்றாத அளவுக்கு அது அவனை உறுத்தவில்லை, அவ்வளவுதான். அதோடு பரிசுக்கு எழுதியது, கட்சி ஜெயித்த பிறகு எழுதியது என்பதையும் நினைவில் வைத்துத்தான் அந்தக் கதைகளைப் படிக்க வேண்டும்.

ஒரு ஊருக்குள் கட்சி எப்படி நுழைந்தது என்பதற்கு நோர்ட்ஹைம் என்ற சிற்றூரின் கதை போதும். ஹானோவர் பக்கம், 10 ஆயிரம் பேர் வாழ்ந்த ரயில்வே ஊர். வில்லியம் ஷெரிடன் ஆலன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் அங்கேயே தங்கி ஊர்க்காரர்களை விசாரித்து எழுதினார். அந்த ஊரில் கட்சிக்கு முதலில் வந்தவர்களில் ஒரு புத்தகக் கடைக்காரர். படித்தவர், தேவாலயக் காரியங்களில் முன் நிற்பவர், எல்லோருக்கும் நல்லவர். அவரே சேர்ந்திருக்கிறார் என்றால் தப்பான கட்சியாக இருக்காது என்று ஊர் பேசிக்கொண்டது. ஜெர்மனியில் அப்போது பாட்டு மன்றம், துப்பாக்கிப் பயிற்சிக் கழகம், பழைய சிப்பாய்கள் சங்கம் என்று தடுக்கி விழுந்தால் சங்கம். சங்கங்கள் அடர்த்தியாக இருந்த ஊர்களில்தான் கட்சிக்கு ஆள் வேகமாகச் சேர்ந்தது என்று பிற்கால ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. சங்கம் இருந்தால் ஜனநாயகம் தழைக்கும் என்று கூட்டுறவுப் பயிற்சி வகுப்பில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். நானும் அதையே பலருக்குச் சொல்லியிருக்கிறேன்.

1933ல் வந்த கூட்டம் தனி ரகம். ஜனவரி 30ல் 8.5 லட்சமாக இருந்தது மே மாதத்துக்குள் 25 லட்சம் ஆயிற்று. அரசு ஊழியர்களில் வேண்டாதவர்களை வெளியேற்றும் சட்டம் ஏப்ரல் 7ல் வந்ததும், ஆசிரியர்களும் அலுவலர்களும் வரிசையில் நின்றார்கள். பழைய உறுப்பினர்கள் இவர்களைக் கேலி செய்தார்கள். மே 1ல் புதுச் சேர்க்கையையே பெரும்பாலும் மூடிவிட்டார்கள். திரும்ப 1937ல்தான் தாராளமாகத் திறந்தது. தத்துவப் பேராசிரியர் ஹைடெகரின் அட்டையில் சேர்ந்த தேதி 1933 மே 1 என்றுதான் இருக்கிறது. கடைசியில், 1945ல், உறுப்பினர்கள் 85 லட்சம் பேர். குழந்தைகளையும் சேர்த்து எண்ணினாலும் ஏறக்குறைய பத்தில் ஒருவர்.

அதே சமயம், கட்சி அட்டை இல்லாதவன் கை சுத்தம் என்றும் இல்லை. போலந்தில் யோசெஃபுவ் என்ற ஊரில் 1942 ஜூலையில் ஒரே நாளில் சுமார் 1,500 யூதர்களைச் சுட்ட 101வது ரிசர்வ் போலீஸ் படை, ஹாம்பர்க் நகரத்து நடுத்தர வயதுக்காரர்களைக் கொண்டது. துறைமுகக் கூலி, லாரி ஓட்டுநர், கிடங்குத் தொழிலாளி என்று பெரும்பாலும் தொழிலாளிகள். கிறிஸ்டோபர் பிரவுனிங் என்ற வரலாற்றாசிரியர் அந்தப் படையின் சாதாரணக் காவலர்களின் விவரங்களைச் சேகரித்துப் பார்த்ததில் நாலில் ஒருவர்தான் கட்சி உறுப்பினர்.

தொடரின் அடுத்த பகுதி போருக்குப் பிந்தைய விசாரணைகளைப் பற்றியது என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் இந்த அட்டைகளின் கதையும் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 1945 ஏப்ரலில் அட்டைகளை மியூனிக் புறநகரில் ஒரு காகித ஆலைக்கு அனுப்பிக் கூழாக்கச் சொன்னார்கள். ஆலை மேலாளர் கூழாக்கவில்லை. வேறு கழிவுக் காகிதத்தின் அடியில் போட்டு மறைத்து வைத்துவிட்டு, அமெரிக்கர்களிடம் போய்ச் சொன்னார். அவர்களும் உடனே கண்டுகொள்ளாமல், மாதங்கள் கழித்துத்தான் வந்து எடுத்தார்கள். 1 கோடியே 7 லட்சம் அட்டைகள் தப்பின. பெர்லினில் அமெரிக்கர் வசம் இருந்து, 1994ல் ஜெர்மன் அரசு ஆவணக் காப்பகத்துக்கு வந்தன. விசாரணையில் அமெரிக்கர்கள் கொடுத்த படிவத்தில் 131 கேள்விகள். கட்சியில் இருந்தாயா என்ற கேள்விக்கு இல்லை என்று எழுதியவனை அட்டையை வைத்துப் பிடிக்க முடிந்தது.

அட்டைகள் பிற்பாடு பெரிய பெயர்களையும் காட்டிக் கொடுத்தன. நெடுங்காலம் மேற்கு ஜெர்மனியின் வெளியுறவு அமைச்சராக இருந்த ஹான்ஸ்-டீட்ரிஷ் கென்ஷர் பெயரில் ஒரு அட்டை இருந்தது. பள்ளிப் பருவத்தில், போரின் கடைசிக் கட்டத்தில் சேர்த்தது. தனக்குத் தெரியாமலே மொத்தமாகச் சேர்த்துவிட்டார்கள் என்றார் அவர். வேறு சில எழுத்தாளர்களும் இதையே சொன்னார்கள். கையெழுத்துப் போட்ட தனி விண்ணப்பம் இல்லாமல் எண் கொடுக்கும் வழக்கம் அந்தக் கட்சியில் இல்லை என்கிறார்கள் ஃபால்ட்டர் போன்றவர்கள். ஷ்வார்ஸ் நடத்திய அலுவலகத்தைப் பற்றிப் படித்த அளவில், நானும் அவர்கள் பக்கம்தான். பதினேழு வயதுப் பையன் போட்ட கையெழுத்துக்கு எவ்வளவு கனம் கொடுப்பது என்பது வேறு கேள்வி. கட்டுரையாளர் இதைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று எழுதினால் படிக்க ஆவலாக இருக்கிறேன். படத்தின் கீழே உள்ள வாசகத்தையும் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்கச் செயலாளர்,
மன்னார்குடி.